ஒரு வாழ்க்கைக்கு இரண்டு புத்தகம்

1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் ஒரு தொடர் ஆரம்பமானது. எழுதியவர் 85 வயதை எட்டிக்கொண்டிருந்த உ.வே. சாமிநாதையர். உத்தமதானபுரத்தில் பிறந்து, ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்து, சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் அச்சில் ஏற்றிய அந்த முதியவர், வாரம் ஓர் அத்தியாயமாகத் தன் கதையைச் சொல்லிவந்தார். 122 அத்தியாயங்கள் வந்தன. குண்டு விழுமென்ற பயத்தில் சென்னையே காலியாகிக்கொண்டிருந்த 1942இல் அவரும் திருக்கழுக்குன்றம் போய்த் தங்கினார். ஏப்ரல் 28ஆம் தேதி அங்கேயே காலமானார். மணிமேகலையைப் பதிப்பித்த காலம்வரை வந்திருந்த கதை அத்தோடு நின்றது. வாழ்வின் கடைசி நாற்பது சொச்சம் ஆண்டுகள் சொல்லப்படாமலே போயின. 1950இல் ‘என் சரித்திரம்’ நூலாக வந்தது.

தமிழில் தன்வரலாறு படிக்க விரும்புகிறவருக்கு முதலில் எடுத்துத் தர வேண்டிய நூல் இதுதான் என்பதில் பெரும்பாலான நூலகர்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்காது. ஆனால் அதை எடுக்கிறவர் கூடவே இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும்: அதே சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட ‘ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’.

காரணம் இருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சாமிநாதையர் மாணவராகச் சேர்ந்தது 1871இல். பிள்ளை மறைந்தது 1876 பிப்ரவரி 1ஆம் தேதி. நடுவிலுள்ள அந்த ஐந்து ஆண்டுகளைச் சாமிநாதையர் இரண்டு முறை எழுதியிருக்கிறார். குருவின் சரித்திரத்தில் அவர் தன்னை ஓரத்தில் நிறுத்திக்கொள்கிறார். அங்கே நடுநாயகமாக இருப்பவர் பிள்ளை: மாணவர் ஏடும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருக்க, தலபுராணச் செய்யுள்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் புலவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவான், கைக்கு வந்த பணத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுத் தான் கடனில் தவித்தவர். ‘என் சரித்திரம்’ அதே நாட்களைப் பதினாறு வயதுப் பையனின் கண்ணிலிருந்து சொல்கிறது. பாடம் கேட்க எந்த ஊருக்குக் கூடப் போக வேண்டும், எங்கே சாப்பாடு, இராமாயணம் சொல்லி ஊர் ஊராகப் பிழைத்த அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அந்தப் பையனுக்கு ஆயிரம் கவலை. வேங்கடராமன் என்ற பெயரோடு வந்தவனை வீட்டில் கூப்பிடும் பெயரைக் கேட்டறிந்து ‘சாமிநாதன்’ ஆக்கியவரும் பிள்ளைதான்.

ஒன்றில் குரு, மற்றொன்றில் அவரை அண்ணாந்து பார்க்கும் சீடன். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் படிப்பது என்றால் என்ன என்பது புரிகிறது. பள்ளிக்கூடம் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது, அச்சுப் புத்தகம் அபூர்வம். ஆசிரியர் எங்கே போகிறாரோ அதுதான் பள்ளிக்கூடம். அப்படிப் படித்துக் கரைகண்டவர் 1880 அக்டோபர் 21ஆம் தேதி கும்பகோணத்தில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். படித்த நூல்களின் பட்டியலைச் சொல்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று நீளும் அந்தப் பட்டியல் முதலியாரை அசைக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் உண்டா, மணிமேகலை உண்டா என்று கேட்கிறார். அந்த நூல்களைச் சாமிநாதையர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பழந்தமிழ் இலக்கியப் பதிப்பு வரலாற்றின் திருப்புமுனை அந்தச் சந்திப்பு. சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. சமண மரபை விளங்கிக்கொள்ளக் கும்பகோணத்துச் சமண அன்பர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டறிந்த கதை, எந்தத் துப்பறியும் நாவலுக்கும் குறையாத விறுவிறுப்போடு நூலில் இருக்கிறது.

இப்படி இணை சேர்த்துப் படிப்பதற்கு நூலகத்தைப் போன்ற இடம் வேறில்லை. புத்தகக் கடையில் ஒன்றை வாங்கவே கை யோசிக்கும். நூலகத்தில் இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவரலாம். தன் வாழ்க்கையைத் தானே எழுதுகிறவர் எவ்வளவு நேர்மையாளராக இருந்தாலும், தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. அதைப் பார்த்த இன்னொருவர் எழுதியது பெரும்பாலும் அதே தட்டில் இரண்டு நூல் தள்ளி இருக்கிறது.

பாரதியார் விஷயத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அவரே ‘கனவு’ என்ற தலைப்பில் செய்யுளாகத் தன் இளமையை எழுதிவைத்தார். உரைநடையில் எழுதத் தொடங்கிய ‘சின்னச் சங்கரன் கதை’ முற்றுப்பெறவில்லை. ஆக, அவரது வாழ்க்கையைச் சொல்லும் பொறுப்பு கூட இருந்தவர்கள் தலையில் விழுந்தது. நல்ல வேளையாக, அவர்கள் பலவகைப்பட்டவர்கள்.

வ.ரா. எழுதிய ‘மகாகவி பாரதியார்’ பலரும் அறிந்தது. புதுச்சேரியில் பாரதியோடு பழகிய தோழரின் நூல் அது. நடையில் வேகமும் பக்தியும் கலந்திருக்கும். மனைவி செல்லம்மா பாரதியின் ‘பாரதியார் சரித்திரம்’ 1941இல் வந்தது. மண்டயம் ஸ்ரீநிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள் சிறுமியாக இருந்தபோது பாரதியார் வீட்டில் ஓடியாடியவர். அவருடைய ‘பாரதி நினைவுகள்’ 1954இல் நூலானது. இளைய மகள் சகுந்தலா பாரதியும் தந்தையைப் பற்றி எழுதினார். ரா. கனகலிங்கம் எழுதிய ‘என் குருநாதர் பாரதியார்’ இன்னொரு கோணம்: ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞரான தனக்குப் பாரதி புதுச்சேரியில் பூணூல் அணிவித்ததை, அதைப் பெற்றுக்கொண்டவரே சொல்கிறார்.

கடனாக வாங்கிவந்த அரிசியைக் கவிஞர் குருவிகளுக்கு இறைத்துவிட்ட கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். மேடையில் அதைச் சொல்லும்போது கைதட்டல் விழும். வீட்டுப் பெண்கள் எழுதிய நூல்களைப் படித்த பிறகு அந்தக் கைதட்டலில் சேர்ந்துகொள்ளக் கொஞ்சம் தயக்கம் வரும். அன்றைக்கு உலை வைக்க வேண்டியிருந்தவர் யார் என்ற கேள்வி எழும். பாரதியின் பெருமை இதனால் குறைந்துவிடுவதில்லை. அந்த வீட்டில் ஒருவர் மட்டும் வாழவில்லை என்பது தெரியவருகிறது, அவ்வளவுதான். பாரதியைப் பற்றி ஒரே ஒரு நூல் படிக்க நேரம் உள்ளவருக்கு யதுகிரி அம்மாளின் சிறிய நூலைப் பரிந்துரைக்கலாம். குழந்தையின் ஞாபகத்தில் தங்கிய புதுச்சேரி வீதிகளும் பாட்டுப் பிறந்த பொழுதுகளும் அதில் இருப்பதுபோல் வேறெங்கும் இல்லை.

புதுமைப்பித்தனுக்கும் அப்படியொரு இணை உண்டு. அவர் 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தபோது வயது 42. மூன்றே ஆண்டுகளில், 1951இல், தொ.மு.சி. ரகுநாதன் ‘புதுமைப்பித்தன் வரலாறு’ எழுதிவிட்டார். தமிழ் எழுத்தாளர் ஒருவரைப் பற்றிய வாழ்க்கை வரலாற்றில் இன்றும் முதல் வரிசையில் வைக்கத்தக்க நூல் அது. நண்பரைத் தெய்வமாக்காமல், கோபமும் கிண்டலும் பிடிவாதமும் உள்ள மனிதராகவே காட்டுகிறது. அதை முடித்தவர் ‘கண்மணி கமலாவுக்கு’ தொகுப்பை எடுக்க வேண்டும். மனைவி கமலாவுக்குப் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்கள் அவை. கதைகளில் உலகத்தையே நையாண்டி செய்தவர், இந்தக் கடிதங்களில் பணம் அனுப்ப முடியாத தவிப்போடு குடும்பக் கவலையில் உருகுகிறார்.

நாடக மேடைக்கு வருவோம். இந்தத் தட்டில் அதிகம் தூசி படிந்திருப்பதும், திறந்தால் அதிகம் மகிழ்விப்பதும் நாடகக்காரர்களின் நூல்கள்தான்.

பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நண்பர்களோடு தொடங்கினார். தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர் தான் என்று அவரே சொல்கிறார். பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் வேஷம் கட்டி மேடையேறியது அன்றைய சென்னைக்குப் புதிது. ‘நாடக மேடை நினைவுகள்’ என்ற தலைப்பில் அவர் பல பாகங்களாக எழுதியது ஒரு தனிமனிதரின் கதை மட்டுமன்று. யார் எந்த வேஷம் போட்டார், எந்தக் காட்சியில் என்ன கோளாறு நேர்ந்தது, வசூல் எவ்வளவு, இலங்கைப் பயணத்தில் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் கணக்குப்பிள்ளையின் கவனத்தோடு பதிந்துவைத்திருக்கிறார். மாலையில் கச்சேரி வேலை முடிந்து ஒத்திகைக்கு வருகிறவர்களின் உலகம் அது. நாடகம் அவர்களுக்குச் சோறு போட வேண்டியதில்லை.

சோறு போட வேண்டியிருந்தவர்களின் கதை அவ்வை தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’. 1972இல் வந்த நூல். 1918இல், ஆறு வயதில், அண்ணன்களோடு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவில் சேர்ந்தவர் சண்முகம். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் நூற்றுக்கணக்கான பாட்டும் வசனமும் மனப்பாடம், இரவெல்லாம் நாடகம், ஊர் விட்டு ஊர் பயணம், வசூல் இல்லாத ஊரில் பட்டினி. சங்கரதாஸ் சுவாமிகள் ஒரே இரவில் உட்கார்ந்து அபிமன்யு நாடகம் முழுவதையும் எழுதி முடித்ததையும், அதில் அபிமன்யுவாகத் தான் நடித்ததையும் அவர் விவரிக்கும் பகுதி மறக்க முடியாதது. பின்னாளில் கிழவி வேஷத்தில் அவ்வையாராக நடித்ததால்தான் ‘அவ்வை’ அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சிறுவயதில் அவரிடம் நாடகம் பயின்ற கமல்ஹாசன், 1996இல் தன் படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்ததற்குப் பின்னால் இந்த உறவு இருக்கிறது.

இந்த இரண்டு நூல்களையும் ஒரே மாதத்தில் படித்துப் பார்க்க வேண்டும். ஒரே கலை, ஒரே மாகாணம், ஏறத்தாழ ஒரே காலம். ஆனால் ஒருவருக்கு மேடை கௌரவம், மற்றவருக்குப் பிழைப்பு. மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் எம்.ஜி.ஆர். 1970களின் தொடக்கத்தில் விகடனில் எழுதிய ‘நான் ஏன் பிறந்தேன்’ இருக்கிறது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பையனாக இருந்த நாட்களை அவரும் சொல்லியிருக்கிறார்.

அரசியல்வாதிகளின் தன்வரலாறுகளை எடுக்கும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. கண்ணதாசனின் ‘வனவாசம்’ அவர் பிறப்பிலிருந்து 1961இல் திராவிட முன்னேற்றக் கழகத்தை விட்டு விலகியதுவரை சொல்கிறது. தன் குறைகளை இவ்வளவு வெளிப்படையாக எழுதிய தமிழர் அதிகமில்லை. கட்சியைவிட்டு வெளியே வந்தவரின் மனக்கசப்பும் அதில் உண்டு. மு. கருணாநிதியின் ‘நெஞ்சுக்கு நீதி’ ஆறு பாகங்கள். முதல் பாகம் 1969இல் அவர் முதலமைச்சரானதுவரை வருகிறது. 1953 ஜூலையில் நடந்த கல்லக்குடிப் போராட்டத்தில் இருவருமே இருந்தார்கள், இருவருமே சிறை சென்றார்கள், இருவருமே அதை எழுதியிருக்கிறார்கள். படிக்கிறவருக்கு இரண்டு கல்லக்குடிகள் தென்படும். எது உண்மை என்று உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எப்போது எழுதப்பட்டது, எழுதும்போது ஆசிரியர் எங்கே நின்றிருந்தார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டாலே நூலின் பாதி ரகசியம் விளங்கிவிடும்.

திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ (1944) பெரிய நூல். பார்த்ததும் மலைப்பாக இருக்கும். அதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொழிலாளர் இயக்கம் பற்றிய பகுதியிலிருந்து தொடங்கலாம். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையும், 1921இல் பெரம்பூர் ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தமும், அதன் நடுவே மூண்ட கலவரமும் அங்கே நிற்கின்றன. இளமையில் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை, அந்த ஆசிரியரைப் பற்றிய பக்கங்களில் வடசென்னையும் யாழ்ப்பாணமும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பது தெரியும். இதே வரிசையில் ம.பொ. சிவஞானத்தின் ‘எனது போராட்டம்’ (1974) வருகிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர், வ.உ.சி.யின் வரலாற்றைக் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று எழுதும் அளவுக்கு எப்படி வளர்ந்தார் என்பதுதான் அதன் சாரம். அவர் பாடிய அந்த வ.உ.சி.யோ தன் சுயசரிதையைச் செய்யுளில் எழுதிவைத்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நூலகத்தில் அடிக்கடி குழப்பம் தரும் ஒரு தலைப்பு: ‘நினைவு அலைகள்’. இந்தப் பெயரில் இரண்டு முக்கியமான தன்வரலாறுகள் உண்டு. ஒன்று டாக்டர் தி.சே.சௌ. ராஜன் எழுதியது. மருத்துவம் படிக்க லண்டன் போய், இந்தியா ஹவுஸில் வ.வே.சு. ஐயரோடும் சாவர்க்கரோடும் பழகிய இளைஞர், பிறகு காந்தி வழிக்கு வந்து 1930 வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் ராஜாஜியோடு நின்ற கதை. மற்றொன்று நெ.து. சுந்தரவடிவேலுவின் மூன்று பாக நூல். 1950களில் சென்னை மாநிலத்துப் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் அவர். காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும் பள்ளிச் சீரமைப்பு இயக்கமும் எப்படிச் செயல்வடிவம் பெற்றன என்பதைக் கோப்புகளுக்குள் உட்கார்ந்திருந்தவரே சொல்கிறார். ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள் தேடிப் படிக்க வேண்டியது இது. கேட்கும்போது ஆசிரியர் பெயரையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். அவருடைய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ 1939இல் வந்தது. பெயருக்கு ஏற்றாற்போல் மிகச் சிறியது. தமிழில் தலித் தன்வரலாற்றின் தொடக்கமாகக் கருதப்படும் அந்த நூலுக்கும் அடுத்த பெரிய நூலுக்கும் நடுவே அரை நூற்றாண்டு இடைவெளி. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதி இருப்பதைக் கண்டு வெளியேறியவர், தன் பெயரையோ ஊர்ப் பெயரையோ சொல்லாமல் தன் ஊரின் பேச்சுமொழியிலேயே எழுதினார். ஆரம்பத்தில் அந்த மொழியே பலரை உறுத்தியது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2000இல் கிராஸ்வேர்டு விருது கிடைத்தது. 2005இல் கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ வெளியானது. நாட்டுப்புறப் பாடகராகவும் நாடகப் பேராசிரியராகவும் அறியப்பட்ட அவர் தன் பிள்ளைப் பருவத்தைச் சொல்கிறார். இளையான்குடியில் முஸ்லிம்களுக்கு நடுவே சாதி உறுத்தாமல் வளர்ந்த பையனுக்கு, உறவினரைப் பார்க்கப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகும்போதுதான் தன் சாதி என்னவென்று ஊர் சொல்லிக்காட்டுகிறது. சில மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். அவ்வளவு சீக்கிரம் மனத்தைவிட்டுப் போகாது.

இந்த மூன்றையும் மேலே சொன்ன உத்தமதானபுரத்துக் கதைக்கு இணையாகவும் படிக்க வேண்டும். ‘என் சரித்திர’த்தில் வறுமை இருக்கிறது, ஆனாலும் எந்த ஊருக்குப் போனாலும் திண்ணையும் அன்னமும் கிடைக்கின்றன. ‘வடு’வில் வரும் பையனுக்கு ஒரு டீக்கடைக்குள் எங்கே நிற்பது என்பதே கேள்வி. இரண்டுமே உண்மை, இரண்டுமே தமிழ்நாடு.

உலகத் தலைவர்களின் வரலாற்றைத் தமிழில் தேடுகிறவர்கள் வெ. சாமிநாத சர்மாவை விட்டுவிடக் கூடாது. காரல் மார்க்ஸ், ரூஸோ, சன் யாட் சென், கமால் அத்தாதுர்க் என்று தமிழருக்கு உலகத்தை அறிமுகப்படுத்தியவர் அவர். ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தபோது, 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் அந்நகரின்மேல் குண்டு பொழிந்தன. லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவைவிட்டுக் கிளம்பினார்கள். பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்குக் கப்பல், மற்றவர்களுக்குக் கால்நடை. மலையும் காடும் கடந்து வந்த அந்தக் கூட்டத்தில் சர்மாவும் அவர் மனைவியும் இருந்தார்கள். ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ அந்த வழியின் குறிப்பு. வழியோரம் விழுந்து கிடந்தவர்களையும், ஒருவேளைச் சோற்றுக்காக நின்ற வரிசைகளையும் அவர் பெருங்குரலில் புலம்பாமல் எழுதுகிறார். பெரிய தலைவர்களின் வரலாற்றை எழுதியவர், பெயர் தெரியாத அகதிகளின் வரலாற்றையும் எழுத நேர்ந்தது. பர்மாவிலிருந்து நடந்து வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சென்னையிலும் சிவகங்கைப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்த நூலைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சர்மாவோடு சேர்த்துப் படிக்க வேண்டியவர் ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் இருந்த இருபத்தாறு வயது இளைஞருக்கு மகாத்மா காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பிறகு கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து, முப்பது ஆண்டுகளில் நூறு பேர் பிடித்த துண்டுப் படங்களை 50,000 அடி அளவுக்குத் திரட்டுகிறார். படம் 1940இல் வெளிவந்தது. அந்த அனுபவத்தை அவர் எழுதிய கட்டுரைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்த நூல்தான் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. இவ்வளவு பெரிய காரியம் செய்தவர் தன்னைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசியிருப்பது வியப்பு. இதற்கு இணையான நூல் வேறென்ன, காந்தியின் ‘சத்திய சோதனை’தான். 1925 முதல் ‘நவஜீவன்’ வார இதழில் குஜராத்தியில் வந்த தொடர் அது. ரா. வேங்கடராஜுலுவின் தமிழாக்கம் இல்லாத நூலகம் தமிழ்நாட்டில் அரிது.

நாட்குறிப்பு வேறு ஜாதி. தன்வரலாறு எழுதுகிறவருக்குக் கதையின் முடிவு தெரியும்; நாட்குறிப்பு எழுதுகிறவருக்கு நாளை என்ன என்றே தெரியாது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து எழுதிவந்தார். கப்பல் வந்தது, துணி விலை, ஆளுநர் மனைவியின் தலையீடு, சென்னைக் கோட்டை பிடிபட்டது, கோள் சொன்னவர் யார் என்று அனைத்தும் அதில் உண்டு. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்கள் முன் அவர் இறந்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் அதை வெளியிட்டது. தொகுதிகளைக் கண்டு தயங்குகிறவர்கள் பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களில் தொடங்கலாம். நாட்குறிப்பை ஆதாரமாக வைத்து எழுதப்பட்ட அவற்றில் இரண்டாவது, 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாவலிலிருந்து நாட்குறிப்புக்குப் போகும் வாசகர், எழுத்தாளர் எதை எடுத்தார், எதைச் சேர்த்தார் என்று பார்க்கும் இன்பத்தையும் பெறுவார்.

ஈழத்துத் தட்டில் இரண்டு நூல்கள் அருகருகே இருக்க வேண்டும். சி. புஷ்பராஜாவின் ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’ (2003), 1970களில் இளைஞர் பேரவைக் காலத்திலிருந்து தொடங்கும் ஆரம்பப் போராளியின் கதை. தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’, விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் எழுதியது. அவர் 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். நூல் அடுத்த ஆண்டு வந்தது. இரண்டுமே கடும் விவாதத்துக்கு உள்ளானவை. ஒன்று போராட்டத்தின் முளைக்காலத்தைச் சொல்கிறது, மற்றொன்று அதன் முடிவுக்காலத்தை. நடுவிலிருந்த முப்பது ஆண்டுகளை நிரப்ப இன்னும் பல சாட்சியங்கள் தேவை.

தட்டு முழுவதையும் பார்த்தால் பெண்கள் எழுதியவை விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, சட்டமன்றத்தில் தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கிய முத்துலட்சுமி ரெட்டி தன்வரலாற்றை ஆங்கிலத்தில்தான் எழுதினார். களப்போராளி மணலூர் மணியம்மை தானே எதையும் எழுதிவைக்கவில்லை. ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராகப் போய் விசாரித்து ‘பாதையில் பதிந்த அடிகள்’ எழுதியிருக்காவிட்டால் அவர் பெயரே மறைந்திருக்கும். திருநங்கைகளின் குரல் இன்னும் தாமதமாக வந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இல் வெளியாகி, பின்னர் கன்னடத்தில் திரைப்படமாகி, அதில் நடித்தவருக்கு 2014ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. கல்லூரி மாணவர்களுக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

இவற்றையெல்லாம் எங்கே தேடுவது? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நூலக வரியை வீட்டு வரியோடு சேர்த்து மக்களே செலுத்துகிறார்கள். கேட்பதற்கு உரிமை இருக்கிறது. ஊர்ப்புற நூலகத்தில் இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் கேட்கலாம். சென்னையில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் நாட்டின் நான்கு களஞ்சிய நூலகங்களில் ஒன்று. பழைய பதிப்புகளுக்கு அதுவே கதி. திரு.வி.க., ம.பொ.சி. போன்றோரின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கிவிட்டதால் பல பதிப்பகங்கள் மலிவாக அச்சிடுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான பழைய வாழ்க்கை வரலாறுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் எந்தப் பட்டியலிலும் வராத ஒரு வகை உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மில் தொழிற்சங்கச் செயலாளர், இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்தவர், மலேயாத் தோட்டத்திலிருந்து திரும்பிய கங்காணி என்று பலரும் தம் கதையைச் சொந்தச் செலவில் இருநூறு முந்நூறு படி அச்சடித்து, மணிவிழாவிலோ பேத்தி கல்யாணத்திலோ உறவினருக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த ஊரின் பஞ்சம், முதல் பஸ், முதல் பள்ளிக்கூடம், பெரிய வெள்ளம் எல்லாம் அதில்தான் பதிவாகியிருக்கும். அப்படியொரு நூல் வீட்டுப் பரணில் கிடந்தால் ஒரு படியை ஊர்க் கிளை நூலகத்துக்கும் இன்னொன்றைக் கன்னிமாராவுக்கும் கொடுத்துவிடலாம். அட்டையில் ஆண்டு அச்சாகவில்லை என்றால், தெரிந்தவரிடம் விசாரித்து உள்பக்கத்தில் எழுதியும் கொடுக்க வேண்டும். நூலகர் பதிவேட்டில் ஏற்றும்போது முதலில் தேடுவது அதைத்தான்.